கல்லேரியில் நான் எண்ணாமல் விட்டவர்கள்

நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு பக்கக் குறிப்பு. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கான கையேட்டில் மூடப்பட்ட நிலையங்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது, கல்லேரி ஹால்ட்டைப் பற்றித் தெரிந்தவர்களில் மிச்சமிருப்பவன் நான்தான் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தொடங்க வசதியாக முதல் வாக்கியத்தையும் நீங்களே கொடுத்திருந்தீர்கள்: ‘போதிய பயணிகள் இல்லாத காரணத்தால் இந்நிலையம் மூடப்பட்டது.’

அந்த வாக்கியம் பொய். அதை முதலில் எழுதியவன் நான். கோப்பில் இருந்ததை நீங்கள் நம்பி எடுத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்தோடு என் கட்டுரை தொடங்காது. இரண்டு பக்கத்திலும் நிற்காது. வெட்டித்தான் போடுவீர்கள் என்றால் போடவே வேண்டாம்.

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகும் மின்ரயிலில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊரப்பாக்கம் வருவதற்குச் சற்று முன்னால் வேலிக்காத்தான் புதருக்குள் ஒரு சின்னக் கல் கட்டடம் தெரியும். கூரை விழுந்துவிட்டது. டிக்கெட் கொடுத்த ஜன்னலில் கம்பி மட்டும் இருக்கிறது. பின்னால் பெரிய நீர்ப்பரப்பு. புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் அதை ஏரி என்றே நினைத்து ‘லேக் வியூ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஒரு குன்று இருந்த இடம். கல்லேரிக்காரர்கள் மூன்று தலைமுறையாக அதை உடைத்து ஜல்லியாக்கி ரயிலில் ஏற்றினார்கள். இந்தப் பக்கத்துத் தண்டவாளங்களுக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் அந்தக் குன்றுதான்.

ஜல்லி ஏற்றும் கிளைப் பாதை முதலில் வந்தது. அதில் வேலை செய்கிறவர்களுக்காகப் பிறகு ஹால்ட் வந்தது. ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஊர்க்காரர் ஒருவரை ஏஜென்டாக வைத்து அவர் கையால் டிக்கெட் விற்பார்கள். நான் பார்த்த காலத்தில் கல்லேரியின் ஏஜென்ட் கஸ்தூரி என்ற பெண். கணவர் குவாரியில் வெடி விபத்தில் இறந்த பிறகு அந்த ஜன்னலுக்கு வந்தவர். முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை அவர்தான்.

நடைமேடை ஓரத்தில் ஊரின் எல்லைக் கல் ஒன்று இருந்தது. இடுப்புயரம், மேலே மஞ்சளும் குங்குமமும். கல்லுக்கு ஒரு பக்கம் ஊர். மறு பக்கம் நடைமேடை. இது கோப்பில் இருக்காது. ஆனால் கதையே இதுதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது வணிக ஆய்வாளர். ஜோலார்பேட்டையில் இருந்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகள் சேலையூரில். மாற்றல் கேட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. வண்டிகளை வேகப்படுத்த வேண்டும், பயனில்லாத ஹால்ட்டுகளைக் கண்டுபிடித்து மூட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவின்பேரில், பட்டியலில் இருந்த சில இடங்களில் ஒரு வாரம் உட்கார்ந்து ஆட்களை எண்ணி வர என்னை அனுப்பினார்கள். அனுப்பிய அதிகாரியிடம்தான் நான் தொழில் கற்றேன். கூர்மையான மனிதர். நேர்மையானவர் என்றும் அன்று நினைத்தேன். இன்றும் ஒரு ரூபாய் வாங்கியவர் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “எங்க உக்காரணும்னு நான் சொல்லிட்டேன். எந்த வாரம்னு நீயே பார்த்துக்கோ. கொறச்சலா வந்தா எல்லாருக்கும் வேலை சுலபம். ஆங், உன் தாம்பரம் மாற்றல் பேப்பர் என் மேஜை மேலதான் கெடக்கு.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் ஒரு ‘ஆங்’ மட்டும்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை கல்லேரியில் போய் இறங்கினேன். அந்த வாரத்தைத் திட்டமிட்டு எடுக்கவில்லை. என் நாட்காட்டியில் காலியாக இருந்தது அதுதான். நடைமேடையில் நாற்காலி போட்டு, படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வண்டி வந்தது. ஒருவரும் ஏறவில்லை. இரண்டாவது வண்டியிலும் இல்லை. கஸ்தூரி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

“இன்னா சார், எண்ண வந்தியா?”

“ஆமாம்மா. ஒரு வாரம்.”

“இந்த வாரமா?” சிரித்துவிட்டார். “நல்லா வந்த போ. நேத்து ராத்திரிதான் அம்மனுக்கு காப்பு கட்டினாங்க. கூழு ஊத்தி காப்பு அவுக்கற வரிக்கும் ஒருத்தரும் எல்லைய தாண்ட மாட்டாங்க. குவாரில வெடி கூட வெக்க மாட்டாங்க. அதோ பாரு, கல்லாண்ட நிக்கறாங்க பாரு.”

பார்த்தேன். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் வேப்பிலை. வழக்கமாக அந்த வண்டியில் போகிறவர்கள், வண்டியை வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எங்களுக்கு நடுவில் எட்டு அடி கூட இல்லை.

“நீங்க மட்டும் இந்தப் பக்கம் நிக்கறீங்களே?” என்று கேட்டேன்.

“நான் கட்டிக்கல சார். கவுண்டர்ல யாராவது ஒக்காரணுமே. ஏஜென்ட் ஆனதுல இருந்து நான் கட்டிக்கறதே இல்ல.” பிறகு நல்லவிதமாகவே சொன்னார்: “அடுத்த வாரம் வா சார். உன் பேனால மை இருக்காது, அவ்ளோ ஜனம் ஏறும்.”

அடுத்த வாரம் நான் போகவில்லை.

வாரத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்றேன். அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணி வரைக்கும்தான் அது தற்செயல். அதற்குப் பிறகு எல்லாமே நான் செய்தது. ஏழு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே, கட்டத்தில் பூஜ்யம் பூஜ்யமாக எழுதினேன். வெளியூரிலிருந்து கூழ் குடிக்க வந்து திரும்பிய சில உறவினர்கள் மட்டும் என் கணக்கில் ஏறினார்கள். கஸ்தூரி தினமும் எனக்கு மோர் கொடுத்தார். நான் குடித்தேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. உங்களுடைய படிவத்திலும் இருக்கிறது. ‘கணக்கெடுப்புக் காலத்தில் சிறப்புச் சூழல் ஏதேனும் இருந்ததா?’ திருவிழா, வேலைநிறுத்தம், வெள்ளம் போன்றவற்றைக் குறிப்பிடுவதற்காக யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்து வைத்த கட்டம். அதில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தார். “ஏழு நாளும் இதேதானா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஆடி மாதம் என்பது அவருக்கும் தெரியும். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பிறகு அறிக்கைக்கு ஒரு சுருக்கம் எழுதச் சொன்னார். போதிய பயணிகள் இல்லாத காரணத்தால் என்று தொடங்கினேன்.

மாற்றல் வந்தது. மூன்று மாதத்தில் கல்லேரியில் வண்டி நிற்பது நின்றது. கிளைப் பாதையை எடுத்துவிட்டார்கள், ஜல்லி லாரிக்குப் போனது. நான் தாம்பரத்தில் வேலை பார்த்து, பதவி உயர்வு வாங்கி, பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன். ஓய்வு விழாவில் ‘எண்களில் பிழை செய்யாதவர்’ என்று ஒருவர் பேசினார். உண்மைதான். எண்களில் எந்தப் பிழையும் இல்லை. ஏழு நாளும் அவ்வளவு பேர்தான் ஏறினார்கள்.

கல்லேரியைக் கடக்கும்போது மட்டும் எதிர்ப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

போன வருடம் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். பெயர் வேண்டாம், அவர் இன்னும் பணியில் இருக்கிறார். இளம் ஆய்வாளர் என்றே சொல்கிறேன். கல்லேரிக்காரர்களும் புதுக் குடியிருப்புக்காரர்களும் சேர்ந்து நிலையத்தைத் திறக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். அலுவலகம் அதை நிராகரித்திருந்தது.

“சார், காரணம்னு ஒரு பழைய அறிக்கைய மேற்கோள் காட்டியிருக்காங்க. கீழ உங்க கையெழுத்து. இவ்ளோ ஜனம் கேக்கறாங்க, அப்ப மட்டும் எப்படி சார் ஆளே இல்லாம போச்சு?”

அந்தக் கேள்வியை நாற்பது வருடம் முன்னால் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டியவனே நான்தான்.

மறுநாள் கல்லேரிக்குப் போனேன். மனுவில் முதல் கையெழுத்து செல்வி என்ற பெண்ணுடையது. ஊரப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். வீட்டைக் கேட்டுக்கொண்டு போய் நின்றால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது கஸ்தூரி. செல்வி அவர் மகள். எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் ஒரு மகள் இருந்ததே எனக்குத் தெரியாது.

நான் யார் என்று சொன்னேன். கஸ்தூரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மோர் குடிச்ச சாரா?”

“ஆமாம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்பதையும், எதற்காக எழுதினேன் என்பதையும்.  உள்ளேயிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்த செல்விதான் பேசினார்.

“நான் அப்ப தாம்பரத்துல பிளஸ் ஒன் சார். ரயில் நின்னதுக்கப்புறம் ஒரு மாசம் தண்டவாளத்தோரமா நடந்து ஊரப்பாக்கம் போய் ஏறினேன். ஒரு நாள் எங்க தெரு ஆள் ஒருத்தர் அந்த வழியில வண்டில அடிபட்டுட்டாரு. அன்னிக்கே அம்மா என்னை ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டாங்க. என்னை மட்டுமா, தெருவுல இருந்த பொண்ணுங்க எல்லாரையும் நிறுத்திட்டாங்க.”

“மன்னிச்சுடுங்க” என்றேன்.

“அத வுடு சார்” என்றார் கஸ்தூரி. “மன்னிப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது? இதெல்லாம் எழுதிக் குடுப்பியா?”

“கொடுக்கறேன்.”

“அப்பவே குடுத்திருக்கலாம் இல்ல?”

செல்வியிடம் வெள்ளைத் தாள் கேட்டேன். 

அன்றே எழுதினேன். என் அறிக்கை உண்மையை மறைத்தது, மறைத்தவன் நான், தெரிந்தே செய்தேன், அதை மேற்கோள் காட்டி எந்த மனுவையும் நிராகரிக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கி வந்தேன். நான்காம் நாள், அலுவலகத்தில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, என் பழைய அதிகாரி தொலைபேசியில் வந்தார். தொண்ணூறை நெருங்குகிறார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“என்னய்யா இது? பென்ஷன் வாங்கிட்டு பேரனைக் கொஞ்சிட்டு இருக்கற வயசுல?”

“உண்மையத்தான் சார் எழுதினேன்.”

“தெரிஞ்சே பொய்யா எழுதினேன்னு நீயே எழுதிக் குடுத்தா உன் மேலயே நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா? பென்ஷன்ல கை வெப்பாங்க.”

“வெக்கட்டும் சார். விசாரணைன்னு கூப்பிட்டா இன்னும் நல்லது. அங்கயும் இதையே சொல்லுவேன். நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்கன்னும் சொல்லுவேன்.”

“நான் என்ன சொன்னேன்? பொய் எழுதச் சொன்னேனா?”

“இல்ல சார். ‘ஆங்’னு சொன்னீங்க.”

 போனை வைத்துவிட்டார். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை. அவர் கதவைத் திறந்து வைத்தார், நடந்து உள்ளே போனது என் கால். உங்களிடமும் யாராவது ஒரு நாள் இரண்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்வார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் முன்னால் எட்டடி தூரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

என் கடிதத்துக்குப் பதிலாக மறுகணக்கெடுப்புக்கு உத்தரவு வந்தது. மூடிய நிலையத்தில் வண்டி நிற்காது. அதனால் ஆய்வாளர் ஒருவர் ஒரு வாரம் காலையில் பழைய நடைமேடையில் உட்காருவார். ரயில் தேவைப்படுகிறவர்கள் நேரில் மேடைக்கு வந்து, எங்கே போகிறார்கள் என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மேடைக்கு வந்தவர் மட்டுமே கணக்கு. தேதியைப் பார்த்தேன். ஆடி. காப்பு கட்டிய மறுநாள் தொடங்கி ஏழு நாள்.

யாரும் சதி செய்யவில்லை. அலுவலகத்து நாட்காட்டியில் காலியாக இருந்த வாரம் அதுதான். என்னுடைய நாட்காட்டியிலும் அப்படித்தான் இருந்தது.

தேதியை மாற்றச் சொல்லி இரண்டு முறை போய் நின்றேன். நிகழ்ச்சி நிரல் முடிவாகிவிட்டது, இதை விட்டால் அடுத்த ஆண்டுதான் என்றார்கள். அதை ஊரில் சொல்லப் போனேன். அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது.

“அலுவலகம் மாறாதுன்னா நாம மாறுவோம். காப்பு கட்டறத ஒரு வாரம் தள்ளிப் போடலாம்” என்றார் ஒருவர்.

“ஆடில எந்த வாரம் கட்டணும்னு நீ யார்ரா முடிவு பண்றது?” என்று எகிறினார் பூசாரி.

“குடியிருப்புக்காரங்க வந்து பேர் குடுக்கட்டும். அவங்களுக்கு இன்னா, காப்பா கீப்பா?” என்றார் இன்னொருவர்.

“அப்ப கல்லேரில இருந்து ஒருத்தரும் வரலன்னு மறுபடியும் எழுதிடுவாங்க” என்றார் செல்வி.

சத்தம் ஏறியது. என்னைத் திட்டியவர்களும் உண்டு. “இந்த ஆளு கால் வெச்சாலே காப்பு கட்டற நேரமாத்தான் கீது” என்று ஒருவர் சொன்னபோது கோபத்திலும் சிலர் சிரித்தார்கள். கஸ்தூரி கம்பை ஊன்றி எழுந்தார்.

“எப்பப் பார்த்தாலும் நாமளேதான் தள்ளிப் போவணுமா? சாமிய தள்ளணுமா, நாள தள்ளணுமா? கல்ல தள்ளுங்கய்யா!”

யாருக்கும் புரியவில்லை.

“எல்லைக் கல்லத்தான் சொல்றேன். பிளாட்பாரத்துக்கு அந்தாண்ட கொண்டுபோயி நடுங்க. அப்ப பிளாட்பாரம் ஊருக்குள்ள வந்துடும் இல்ல? காப்பு கட்டினவங்க போயி நின்னா தப்பா?”

“எல்லைக் கல்லுல கை வெக்கக் கூடாது, கஸ்தூரி” என்றார் பூசாரி.

“ஏன், வெச்சதில்லையா? எங்க மாமனார் சொல்லுவாரு. அந்தக் கல்லு முன்ன தண்டவாளம் ஓடற எடத்துலதான் இருந்துச்சாம். லைன் போடறப்ப ஊரே சேர்ந்து தூக்கி இந்தாண்ட நட்டுச்சாம். ரயிலுக்காக ஊர சுருக்கினாங்க. அம்மன் ஒண்ணும் கோச்சிக்கல. இப்ப ஊர கொஞ்சம் பெருசு பண்ணா மட்டும் கோச்சிக்குமா?”

பூசாரி கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “காப்பு கட்டறதுக்கு முன்ன நட்டுடணும். அப்புறம் தொடக் கூடாது” என்றார்.

கல் வேலை செய்த ஊர். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேர் கடப்பாரையோடு வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். குவாரி மூடிய பிறகு காவலாளியாகவும் லாரி ஓட்டுநராகவும் போனவர்கள். அடியில் நெம்பி, உருளைக் கட்டையில் ஏற்றி, புதரை வெட்டிய பாதையில் நகர்த்தி, மேடையின் மறு ஓரத்தில், தண்டவாளத்துக்குப் பாதுகாப்பான தூரம் விட்டு நட்டார்கள். அனுமதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வேலைக் காலம் முழுவதும் அனுமதியோடு நான் செய்ததை விட அது யோக்கியமான காரியம்.

அன்று மாலை அம்மனுக்குக் காப்பு கட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது இளம் ஆய்வாளர் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அதே படிவம். குடியிருப்புக்காரர்கள் சிலர் அலுவலகப் பையோடு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏழு மணிக்குக் கல்லேரி வந்தது. முன்னால் கஸ்தூரி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. மேடையின் சரிவில் ஏறி, தான் உட்கார்ந்திருந்த ஜன்னலை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஆய்வாளர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும். அந்த மேடையில் அவர் காப்போடு நிற்பது அதுதான் முதல் தடவை.

“எழுதிக்கோ தம்பி. கஸ்தூரி. தாம்பரம்.”

“தாம்பரத்துல எங்கம்மா?”

“கண்ணாஸ்பத்திரி. பின்னால நிக்கறவங்களையும் வுடாம எழுது. ஒருத்தரும் தப்பக் கூடாது.”

அவருக்குப் பின்னால் வரிசை மேடை முழுவதும் நின்று, சரிவில் இறங்கி, பழைய கல் இருந்த குழியைத் தாண்டிப் போயிருந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். கூடுதல் தாள் கேட்டு வாங்கினார்.

கடைசிக் கட்டத்தை ஏழாம் நாள்தான் நிரப்ப வேண்டும். அவர் அன்றே நிரப்பினார். சிறப்புச் சூழல் ஏதேனும் இருந்ததா என்ற கேள்விக்கு எதிரே பேனாவை வைத்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.  அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று சொல்ல எனக்கிருந்த உரிமையை நான் எப்போதோ செலவழித்துவிட்டேன். அவர் வரிசையைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்:

‘ஆம். ஊர் முழுவதும் காப்பு கட்டியிருக்கிறது. எல்லை தாண்டக் கூடாத வாரம். ஆனாலும் வந்திருக்கிறார்கள்.’

நிலையம் திறக்குமா என்று எனக்குத் தெரியாது. கோப்பு மேலே போயிருக்கிறது. என் மேல் என்ன நடவடிக்கை என்பதும் அதே கோப்பில்தான் இருக்கிறது, வரட்டும். கையேட்டுக்கு முதல் வாக்கியம் கேட்டீர்கள். இதைப் போடுங்கள்: ‘கல்லேரி ஹால்ட் ஒரு பொய் அறிக்கையால் மூடப்பட்டது.’ கீழே என் பெயரை முழுதாக எழுதுங்கள்.